ஐந்து வருடம், எட்டு மில்லி: முகத்துக்கு ஃபில்லர் போட்டுக்கொண்ட அனுபவம்

நம் ஊரில் ஒருத்தர் இளைத்துவிட்டால் வரிசையாக மூன்று கேள்விகள் வரும். "சுகரா?" "தைராய்டா?" "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" ராத்திரி சாதத்தை நிறுத்தி, விடிகாலையில் மெரினாவில் நடந்து, ஒன்றரை வருடத்தில் 13 கிலோ குறைத்தேன். முட்டி வலி போனது. பிரஷர் மாத்திரை பாதியானது. கூடவே கன்னமும் போய்விட்டது. 47 வயதில் இரண்டு பக்கமும் டொக்கு விழுந்து, கண்ணுக்குக் கீழே குழி, வாய் ஓரம் கீழே இறங்கி, சும்மா உட்கார்ந்திருந்தாலும் யார் மேலோ கோபமாக இருப்பது போல ஒரு முகம். கல்லூரியில் வகுப்பு எடுக்கிறவள் நான். "மேம், உடம்பு சரியில்லையா?" என்று வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். ஒரு கல்யாணத்தில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். எனக்கு சுகர் இல்லை என்று சொன்னால் நம்பவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன். 2020 ஜனவரி. இன்று வரை மொத்தம் 8 மில்லி ஃபில்லர் முகத்துக்குள் போயிருக்கிறது, அதில் 1 மில்லியைத் திரும்பக் கரைத்தும் ஆயிற்று. போட்ட அன்றே செல்ஃபி எடுத்து "சூப்பர்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. மூன்றாவது வருடம், நாலாவது வருடம் என்ன ஆகிறது என்று எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் இது.

முதலில் ஒரு குழப்பம். போடாக்ஸும் ஃபில்லரும் ஒன்றில்லை. போடாக்ஸ் தசையைச் சில மாதங்கள் செயலிழக்க வைக்கும், ஃபில்லர் இடத்தை நிரப்பும். எனக்குப் போட்டது ஹையலூரோனிக் அமில ஜெல். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இருக்கிற பொருள்தான். 1934-இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் மாட்டின் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "மாட்டுக் கண்ணையா மூஞ்சியில ஏத்திக்கிறே?" என்று இரண்டு நாள் பேசவில்லை. சேவல் கொண்டையிலிருந்து எடுத்த வகையும் ஒரு காலத்தில் இருந்தது. இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவைப் புளிக்கவைத்துத் தயாரிக்கிறார்கள். அமெரிக்காவில் 2003 டிசம்பரில் அனுமதி வாங்கிய ரெஸ்டிலேன் என்ற ஃபில்லரே அப்படித்தான். "தயிர் மாதிரிம்மா" என்றேன். அரை மனதாக ஒத்துக்கொண்டாள்.

டாக்டர் முதல் நாள் ஊசியே போடவில்லை. ஐந்து கோணத்தில் போட்டோ எடுத்தார். பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். முப்பத்தைந்து வயதில் எடுத்த பாஸ்போர்ட் படத்தைக் காட்டினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது எங்கே குறைந்திருக்கிறது என்று விளக்கினார். வயதாகும்போது தோல் மட்டும் தொங்குவதில்லையாம். கண் குழியின் எலும்பு விரிகிறது, மேல்தாடை எலும்பு பின்வாங்குகிறது, கன்னத்துக்குள் மெத்தை மெத்தையாக இருக்கும் கொழுப்பு சுருங்கி இறங்குகிறது. பந்தல் கால்கள் உள்ளே நகர்ந்தால் துணி தொய்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அதனால் கோடு விழுந்த இடத்தில் போடாமல், கால் நகர்ந்த இடத்தில் போட வேண்டும். முழு முகத்தையும் சேர்த்துத் திட்டமிடுவதன் அர்த்தம் இதுதான். பிரேசில் நாட்டு பிளாஸ்டிக் சர்ஜன் மவுரிசியோ டி மாயோ இதற்காக முகத்தை எண் போட்ட புள்ளிகளாகப் பிரித்து "எம்.டி. கோட்ஸ்" என்று ஒரு முறையே வைத்திருக்கிறார்.

புருவங்களுக்கு நடுவே, பொட்டு வைக்கிற இடத்தில் ஆழமாக இரண்டு கோடுகள் எனக்கு. அங்கேயும் நிரப்பச் சொன்னேன். "அங்க மட்டும் கேட்காதீங்க மேடம்" என்றார் டாக்டர். அந்த இடத்து ரத்தக் குழாய்கள் கண்ணோடு தொடர்புள்ளவை. ஜெல் தவறி உள்ளே போனால் பார்வையே போகலாம். அரிது, ஆனால் நடந்திருக்கிறது. மூக்கும் அதே மாதிரி ஆபத்தான இடம். கேட்டதையெல்லாம் போடுகிற டாக்டரை விட, மாட்டேன் என்று சொல்கிற டாக்டரிடம் எனக்கு அன்றைக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்த வாரம் நாலு சிரிஞ்ச். கன்னத்துக்குப் பக்கத்துக்கு ஒன்று, நெற்றி ஓரப் பள்ளங்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று, மோவாய்க்கும் தாடை ஓரத்துக்கும் ஒன்று. மரத்துப்போகும் க்ரீம் தடவி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஜெல்லிலேயே லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்து கலந்திருக்கும், அதனால் வலி பெரிதாக இல்லை. சத்தம்தான் யாரும் சொல்லாதது. கன்னத்தில் கேனுலா என்ற நுனி மழுங்கிய ஊசிக்குழல் உள்ளே நகரும்போது, அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு நறநறப்பு காதுக்குள் கேட்கும். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது, நமக்குக் கேட்கும். ஒவ்வொரு இடத்திலும் போட்டபின் டாக்டர் விரலால் அழுத்திவிட்டு, ரத்த ஓட்டம் திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தார். நம் நிறத்தில் தோல் வெளுப்பது சட்டென்று கண்ணில் படாது, அதனால் உற்றுப் பார்க்க வேண்டும் என்றார். தாங்க முடியாத வலி, வெளுப்பு, வலை போல நீலத் திட்டு, கண் மங்கல், இதில் எது வந்தாலும் நடு ராத்திரியானாலும் கூப்பிடச் சொல்லித் தன் நம்பரையும் கொடுத்தார்.

அன்றைக்கு ஆனது 1,12,000 ரூபாய். நாலு மில்லி என்பது ஒரு டீஸ்பூன்கூட நிறையாத அளவு. "ஒரு ஸ்பூன் பாயசத்துக்கு ஒரு லட்சமா?" என்றார் கணவர். பதில் சொல்ல முடியவில்லை.

இடது கன்னத்தில் கன்றிப்போனது ஒன்பது நாள் இருந்தது. நெற்றி ஓரத்தில் போட்டதால் இரண்டு நாள் மண்டைக் கனம், முறுக்கு கடித்தால் வலி. மூன்றாவது வாரம் வீக்கம் முழுக்க வடிந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். இளமை என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். வகுப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை, அந்த மௌனத்துக்குத்தான் நான் பணம் கொடுத்திருந்தேன். அப்புறம் இரண்டு மாதத்தில் லாக்டவுன். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தை மாஸ்க்குக்குள் போட்டு மூடிக்கொண்டு ஆன்லைனில் பாடம் எடுத்தேன்.

இனி நான் செய்த தப்பு. 2021 மார்ச்சில் கண்ணுக்குக் கீழே இருந்த குழி மட்டும் உறுத்தியது. என் டாக்டர், "உங்க தோல் அங்க மெல்லிசு, நீர் கோக்கிற வாகு. வேண்டாம்" என்றார். நான் கேட்கவில்லை. இன்னொரு இடத்தில் மகளிர் தினச் சலுகை, ஒரு மில்லி 19,000. போனேன். பெட்டியை என் கண் முன்னால் பிரிக்கவில்லை, சிரிஞ்ச் ஏற்கெனவே தட்டில் இருந்தது. இருபது நிமிடத்தில் முடித்து அனுப்பினார்கள். ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே இட்லித் தட்டில் பாதி ஊற்றிய மாவு போல இரண்டு மேடு. மத்தியானத்துக்குள் கொஞ்சம் வடியும். முதல் நாள் ஊறுகாய், அப்பளம் சாப்பிட்டிருந்தால் வடியவே வடியாது. இந்த ஜெல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் சாதி, தோல் மெல்லிய இடத்தில் அந்தக் குணம் அப்படியே வெளியே தெரிகிறது. மேட்டின் மேல் சாம்பலும் நீலமும் கலந்த நிழல் வேறு. தோலுக்கு மிக மேலாக ஜெல் இருந்தால் ஒளி சிதறி அப்படித் தெரியும், டிண்டால் விளைவு என்பார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வானம் ஏன் நீலம் என்று சொல்லித் தருகிற சமாசாரம் என் கண்ணுக்குக் கீழேயே குடி வந்திருந்தது. கன்சீலர் போட்டால் இன்னும் மோசம்.

ஒரு வருடத்தில் தானாகக் கரைந்துவிடும் என்றார்கள். பதினெட்டு மாதம் பார்த்தேன், கரையவில்லை. வெட்கத்தை விட்டுப் பழைய டாக்டரிடமே போனேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை அவர். ஹையலூரோனிடேஸ் என்ற நொதியைப் போட்டு இந்த ஜெல்லைக் கரைக்கலாம். தேனீ, குளவி கொட்டி எப்போதாவது ஒவ்வாமை வந்ததுண்டா என்று முதலில் கேட்டார். தேனீ விஷத்திலும் அதே நொதி இருக்கிறதாம். முன்கையில் சோதனை ஊசி போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு கண்ணுக்குக் கீழே போட்டார். கட்டெறும்பு கடித்த மாதிரி சுரீர் என்றது. மறுநாள் காலையில் மேடு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது, ஒரு வாரத்தில் பழைய குழி திரும்ப வந்தது. அந்தக் குழியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை. கரைக்க 12,000.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: கரைக்க முடியாதது எதுவும் முகத்துக்குள் போகக் கூடாது. தாடைக்கு கால்சியம் கலந்த ரேடியஸ் நன்றாக நிற்கும் என்றார்கள், கொலாஜனை வளர்க்கும் ஸ்கல்ப்ட்ராவைப் பற்றியும் சொன்னார்கள். இரண்டும் நல்ல மருந்தாகவே இருக்கலாம். ஆனால் ஹையலூரோனிடேஸ் அவற்றைத் தொடாது. நிரந்தரமாக நிற்கும் என்று சிலிக்கோன் போடுகிறவர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

இன்னொரு தப்பு 2022 கடைசியில். அது என் டாக்டரும் நானும் சேர்ந்து செய்தது. மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் கோட்டுக்கும் வாய் ஓரத்துக்கும் 2 மில்லி, 60,000 ரூபாய். சும்மா இருந்தால் முகம் அழகாக இருக்கும். சிரித்தால் கன்னம் இரண்டும் பூரி போல எழும்பிக் கண் சின்னதாகிவிடும். தங்கை வீடியோ காலில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, சிரிக்கிறப்ப மட்டும் வேற யாரோ மாதிரி இருக்கே" என்றாள். கண்ணாடியில் எனக்கு அது தெரியவே இல்லை. ஃபில்லரில் இதுதான் பெரிய பொறி என்பேன். போட்ட முகம் மூன்று மாதத்தில் பழகிவிடும், பழகியதும் குறைவது மட்டுமே கண்ணில் படும். அதனால் வருடா வருடம் போய் உட்கார்ந்துவிடுவோம். இப்போதெல்லாம் போவதற்கு முன்னால் 2020 ஜனவரி போட்டோவை எடுத்துப் பார்க்கிறேன். பாதி தடவை போக வேண்டிய தேவையே இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

எவ்வளவு காலம் நிற்கும் என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. கன்னத்துக்கான ஜுவிடெர்ம் வொலுமா என்ற ஜெல்லுக்கு 2013-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தபோது இரண்டு வருடம் வரை என்றுதான் கணக்கு. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த சிலருக்குப் பல வருடங்கள் கழித்தும் ஜெல் உள்ளே இருப்பது தெரிய வந்திருக்கிறது. என் கன்னத்தில் 2020-இல் போட்டது இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். நெற்றி ஓரமும் அப்படித்தான். வாய் ஓரத்தில் போட்டது ஒன்றரை வருடத்தில் போய்விட்டது. பேசிப் பேசியே பிழைப்பு நடத்துகிறவளுக்கு அங்கே என்ன தங்கும்?

கொரோனா தடுப்பூசி பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். 2020 டிசம்பரில் மாடர்னா தடுப்பூசி ஆய்வின்போது ஃபில்லர் போட்டிருந்த சிலருக்கு முகம் வீங்கியதாகச் செய்தி வந்தது. நான் போட்டது கோவிஷீல்டு, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வீங்கியது பல்லால். 2023 ஏப்ரலில் வலது மேல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்த மூன்றாம் நாள், அதே பக்கக் கன்னம் கெட்டியாக, சூடாக வீங்கியது. மூன்று வருடத்துக்கு முன் போட்ட ஜெல்லைச் சுற்றி இப்படி வரலாம் என்று எனக்குத் தெரியாது. பல் டாக்டரிடம் ஃபில்லர் இருப்பதை நான் சொல்லவும் இல்லை, சொல்லக் கூச்சம். பத்து நாள் ஆன்டிபயாடிக்கில் அடங்கியது.

2024-இல் கன்னத்துக்கும் நெற்றி ஓரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மில்லி போட்டேன், 34,000. போதுமானதாக இருந்தது. ஆக இதுவரை 2,37,000 ரூபாய். அதில் 31,000 கண்ணுக்குக் கீழே போட்டதற்கும் எடுத்ததற்கும் போன தண்டச் செலவு.

தாடை ஓரத்தில் தொங்கும் சதை அப்படியேதான் இருக்கிறது. "கத்தியில்லாத ஃபேஸ்லிஃப்ட்" என்று போர்டு வைக்கிறார்களே, அந்த வார்த்தையோடு எனக்குச் சண்டை. இது நிரப்பும், தூக்காது. கன்னத்தை நிரப்பினால் ஒரு நூல் அளவு தூக்கியது போலத் தெரியும், அவ்வளவுதான். அதற்கு மேல் தூக்க வேண்டுமென்று ஜெல்லை ஏற்றிக்கொண்டே போனால் பூரி முகம்தான் மிச்சம். தொங்குவதற்கு ஆபரேஷன்தான் வழி என்று என் டாக்டரே சொல்லிவிட்டார். எனக்கு இப்போது 52. அதற்குத் துணிச்சலும் இல்லை, பெரிய ஆசையும் இல்லை.

முதல் தடவையே டாக்டர் ஒரு அட்டை கொடுத்தார். பெட்டியிலிருக்கும் லாட் நம்பர் ஸ்டிக்கரைப் பிரித்து அதில் ஒட்டி, எந்த இடத்தில் எவ்வளவு என்று தேதியோடு எழுதித் தருவார். சலுகைக்குப் போன இடத்தின் வரிசையில் மட்டும் ஸ்டிக்கர் இல்லை, நானே பேனாவால் "கண், 1 மில்லி" என்று எழுதி, பிறகு "கரைத்தாச்சு" என்று அடித்திருக்கிறேன். பர்ஸில் ஆதார் ஜெராக்ஸோடு சேர்த்து வைத்திருக்கிறேன். போன வாரம் இடது பக்கப் பல்லுக்குப் போனபோது, வாயைத் திறப்பதற்கு முன்னால் அதைத்தான் எடுத்து நீட்டினேன்.