ஏற்காடு சாலையில் ஒரு டயர்க் கடை: தேய்மானத்துக்குக் காரணம் சொல்லும் சேவை

சேலத்தில் இருசக்கர வாகன டயர்க் கடைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பெரும்பாலும் "எந்தக் கம்பெனி போடட்டும்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் வழியில், டயர் கம்பெனி விளம்பரத்தைத் தவிர வேறு பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறிய கடை இருக்கிறது. அங்கே கழற்றப்போகும் டயர் ஏன் அப்படித் தேய்ந்தது என்பதைக் கண்டு சொன்ன பிறகுதான் புது டயரின் பேச்சே எழுகிறது. வேலை நிமித்தமாக மலைக்கும் ஊருக்கும் சென்று வருபவன் என்ற முறையில், அக்கடையைத் தேடிப் போவதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று கருதுகிறேன்.

சோதனை நடக்கும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஈரத்துணியால் டயரைத் துடைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே கடைக்காரர் முழு வட்டத்தையும் பார்க்கிறார். பிறகு ஆழம் அளக்கும் சிறு கருவியை டயரின் பள்ளக்கோடுகளான காடிகளில், நடுக்காடியிலும் இரு ஓரங்களிலும் வைத்து அளக்கிறார். நடுவில் மட்டும் அளந்தால் பாதி உண்மைதான் தெரியும் என்பதால் இந்த மூன்று அளவுகளும் அவசியம். டயரின் பக்கச்சுவரில் தேய்மான அடையாளத்தைக் குறிக்கும் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ ஒரு சிறு முக்கோணக் குறியோ இருக்கும் இடத்திற்கு நேர் உள்ளே, காடியின் அடியில் குறுக்காக ஒரு சிறு மேடு இருக்கும். காடிகளுக்கு இடையே துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகளான பட்டன்கள் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வாகன டயரின் காடி ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஆனால் அது சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை. மழைக்காலத்தில் மலைச்சாலையில் தேங்கும் நீரைக் காடிகள்தான் வெளியேற்ற வேண்டும் என்பதால், ஏற்காடு போய்வருபவர்கள் 1.5 மில்லிமீட்டர் அளவிலேயே பின்டயரை மாற்றிவிடுவது நல்லது என்று கடைக்காரர் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

அக்கடையின் உண்மையான திறமை தேய்மானத்தின் வடிவத்தைக் கொண்டு காரணத்தைச் சொல்வதில் இருக்கிறது. சேலத்திலிருந்து பெங்களூர்ச் சாலையிலோ கோவைச் சாலையிலோ நேராக ஓடும் வண்டிகளின் பின்டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும்; காற்றை அளவுக்கு மேல் அடித்திருந்தால் இன்னும் விரைவாக அப்படி ஆகும். நேர்ச்சாலையில் இதனால் பெரிய வேறுபாடு தெரியாது. மலையேறும்போதுதான் அதன் விளைவு வெளிப்படும். வட்டமாக இருக்க வேண்டிய டயரில் தட்டையான நடுப்பகுதிக்கும் தேயாத ஓரத்துக்கும் இடையே ஒரு விளிம்பு உருவாகிவிடுவதால், கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது முதலில் சாய மறுத்து, அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழுவதுபோலச் சாயும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் இந்தத் தடுமாற்றம் மீண்டும் மீண்டும் நேரும். ஓட்டுபவர் தன் கைப்பழக்கத்தில்தான் குறை என்று எண்ணிக்கொள்வார். உண்மையில் குறை டயரின் வடிவத்தில் இருக்கும். இதற்கு நேர்மாறாக, ஓரங்கள் இரண்டும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், காற்று குறைவாக ஓட்டப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் அவர் முதலில் கேட்கிறார்.

முன்டயர் சொல்லும் கதை வேறு. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், மலையில் அதிகம் ஓடும் வண்டிகளின் முன்டயர் ஓரங்களில் தேய்கிறது. பட்டன்களின் ஒரு முனை தாழ்ந்தும் மறுமுனை உயர்ந்தும் இருப்பதைக் கையால் தடவிப் பார்த்தாலே உணரலாம். டயரைச் சுற்றி வரும்போது பள்ளமும் மேடும் மாறி மாறி வந்தால், அதற்குக் காரணம் டயரை விட போர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), ஷாக் அப்சார்பர், சக்கர பேரிங் ஆகியவற்றிலேயே பெரும்பாலும் இருக்கும். சென்ற முறை என் முன்னால் நின்ற ஓர் இளைஞர் அத்தகைய டயருடன் வந்து புதியது கேட்டபோது கடைக்காரர் சொன்னது இதுதான்: "டயரை மாத்தறதுக்கு முன்னாடி முன்ஷாக்கைப் பாருங்க தம்பி. ஆயில் கசியுது. இல்லீன்னா புது டயரும் இதே மாதிரிதான் ஆகும்." விற்க வேண்டிய டயரை விற்காமல் மெக்கானிக்கிடம் அனுப்பிய அந்த நேர்மையை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

வலப்பக்கம் சற்றுக் கூடுதலாகத் தேய்வதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் நமக்குக் கிடைப்பது வெளிவட்டம். சாய்ந்த நிலையில் ஓடும் தூரம் அங்கே அதிகம். ஏறும்போது இடமாக இருந்த வளைவு இறங்கும்போது வலமாகிவிடும் என்றாலும், வலத் திருப்பம் எப்போதும் வெளிவட்டத்திலேயே அமைவதால் அந்தக் கணக்கு சமன் ஆவதில்லை. ஆகவே சிறு வேறுபாடு இயல்பு. வேறுபாடு கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தால் பின்சக்கரம் செயினுக்கு நேராக நிற்கிறதா, ரிம்மில் கோட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் இக்கடையிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

தேய்மானம் மெல்ல வருவது. சேதம் ஒரே நொடியில் நேர்வது. பள்ளத்தில் வேகமாக இறங்கிய சக்கரத்தின் பக்கச்சுவரில் சில நாள்களில் ஒரு புடைப்பு தோன்றினால், உள்ளிருக்கும் நைலான் இழைகள் அறுந்துவிட்டன என்பதே பொருள். வெளியே ரப்பர் முழுதாகத் தெரிந்தாலும் காற்றைத் தாங்கி நிற்பது அந்த இழைகள்தான். அத்தகைய டயரை எந்த ஒட்டுப்போட்டும் காப்பாற்ற முடியாது. அடிவாரம் வரைகூட ஓட்டிப் பார்க்கக் கூடாது. பஞ்சர் விஷயத்திலும் கடைக்காரர் கண்டிப்பானவர். தரையில் படும் பகுதியில் ஆணி ஏறியிருந்தால் டியூப்லெஸ் டயரைக் கழற்றி உட்புறம் பார்த்து அடைப்பு வைத்துத் தருகிறார். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் எவ்வளவு கேட்டாலும் மறுத்துவிடுகிறார். மொட்டை டயரில் சூடான கத்தியால் புதிதாகக் காடி வெட்டித் தரும் வழக்கமும் அங்கே இல்லை. அப்படி வெட்டும்போது இழைகளின் மேல் எஞ்சியிருக்கும் மெல்லிய ரப்பரும் போய்விடுகிறது என்பதால் இதை மிகவும் வரவேற்கிறேன்.

பட்டன் நன்றாக இருந்தும் டயர் கெட்டுப்போயிருக்கலாம் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சேலத்து வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் வண்டியின் ரப்பர், ஓடாவிட்டாலும் இறுகி, காடிகளின் அடியிலும் பக்கச்சுவரிலும் மயிரிழை போன்ற வெடிப்புகளைக் காட்டத் தொடங்கும். இறுகிய ரப்பர் ஈரச்சாலையைப் பிடிக்காது. டயரின் வயதை அறிய பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் உதவும்: 3522 என்றிருந்தால் அது 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில், அதாவது ஆகஸ்ட் முடியும் தறுவாயில் தயாரானது. இக்கடையில் புது டயரை எடுத்ததும் அந்த எண்ணை வாடிக்கையாளரிடம் காட்டுகிறார்கள். வேறு கடைகளில் நாமே கேட்டுப் பார்ப்பது நல்லது.

காற்றழுத்தம் பற்றி ஒரு செய்தி. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், மேலே போகும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, டயரின் அளவுமானி ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மலையின் குளிர் அந்த உயர்வில் பெரும்பகுதியைக் குறைத்துவிடுகிறது. ஆகவே ஏற்காட்டுக்குப் போவதற்காகத் தனியாகக் காற்றை இறக்கவோ ஏற்றவோ தேவையில்லை. வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, பின்னால் ஆள் அமர்ந்தால் அதற்குரிய அளவில், டயர் சூடேறும் முன் அடித்தால் போதும். நைட்ரஜனும் இங்கே கிடைக்கிறது. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதால் அதற்குத் தனிக் காசு கொடுக்க நான் விரும்புவதில்லை, கடைக்காரரும் வற்புறுத்துவதில்லை.

மாட்டும் வேலை சுத்தமாக இருக்கிறது. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்தே மாட்டுகிறார்கள். ஸ்போக்ஸ் சக்கரமென்றால் ரிம் டேப்பையும் டியூபையும் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். பழைய டியூப் விரிந்து போயிருக்கும் என்பதால் அந்த ஆலோசனை நியாயமானது. புது டயரின் மேற்பரப்பு சற்று வழுக்கும் என்று சொல்லி, முதல் 150 கிலோமீட்டர் வரை வண்டியை அதிகம் சாய்க்க வேண்டாம், மாட்டிய கையோடு மலையேற வேண்டாம் என்று எச்சரித்தும் அனுப்புகிறார்கள்.

குறைகளும் உண்டு. சொல்வதெல்லாம் வாய்மொழியாகவே நின்றுவிடுகிறது. அளந்த ஆழத்தையும் கண்ட குறையையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். காற்றுக் குழாயில் உள்ள அளவுமானி பழையது. கையில் வைத்துப் பார்க்கும் மானியோடு ஒத்துப்போவதில்லை, எனவே சொந்த மானி வைத்திருப்பவர்கள் கொண்டு போகலாம். பெரிய பைக்குகளுக்கான ரேடியல் டயர்கள் இருப்பில் இருப்பதில்லை. சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். டயரின் விலை நகரத்துக் கடைகளை விடக் குறைவு என்று சொல்ல முடியாது. பார்த்துச் சொல்வதற்கு அவர்கள் காசு வாங்குவதில்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை. சனி, ஞாயிறுகளில் ஏற்காடு போகும் சுற்றுலா வண்டிகள் பஞ்சருக்கு வரிசையில் நிற்பதால் பொறுமையாகப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. வார நாளில் காலையில் கடை திறந்தவுடன் போனால் சோதனையும் நிதானமாக நடக்கும், டயரும் சூடாகாமல் இருக்கும்.