சிகரெட் தடையா, உடை விதியா: எதில் அரசு எல்லை மீறுகிறது?

மலேசியாவில் 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களிலும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் ஒட்டுக்கடை போன்ற சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளிலும் புகைக்கத் தடை, 3 மீட்டர் தள்ளிப் போய்த்தான் பற்றவைக்க வேண்டும் என்று வந்தபோது சுதந்திரம் போச்சு என்று பலர் கத்தினார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. அந்தப் புகை தே தாரிக் என்ற பால் தேநீரை ஆற்றுகிற தம்பியின் நுரையீரலுக்கும் பக்கத்து மேசைக் குழந்தைக்கும் போகிறது, எவ்வளவு தூரம் என்பதும் விதியிலேயே தெளிவாக இருக்கிறது.

அரசு அலுவலகத்துக்கு வருகிற பொதுமக்களுக்கான உடை விதி அப்படியில்லை. 2015-இல் சிலாங்கூர் மாநில அரசு அலுவலகத்தில், பாவாடை குட்டை என்று சொல்லி ஒரு பெண்ணைச் சாரோங் (கைலி) கட்டவைத்தார்கள். அந்த முழங்காலால் யாருக்கு என்ன கேடு? வரி கட்டுகிறவர் தன் வேலையாகத்தான் கவுண்டருக்கு வருகிறார், வாசல் காவலாளியின் கண்தான் அங்கே அளவுகோல், தடுத்தால் அந்த நிமிடம் யாரிடம் முறையிடுவது? முதல் விதி இருக்கட்டும், இரண்டாவதை எடுத்துவிடுங்கள்.