வெள்ளிக்கிழமை பரிணாமம், ஞாயித்துக்கிழமை ஆதியாகமம்: ஒரு பையனுக்காக நான் படிச்ச நாலு புத்தகம்

நான் ஸ்கூல்ல பயாலஜி டீச்சர், ஞாயித்துக்கிழமையானா எங்க சிஎஸ்ஐ சர்ச்ல சண்டே ஸ்கூல் டீச்சர், வீடு மதுரை ஒத்தக்கடை பக்கம். பன்னெண்டாம் வகுப்பு விலங்கியல்ல பரிணாமம்னு ஒரு பாடம் இருக்கு, அதை ஒரு வெள்ளிக்கிழமை நடத்தி முடிச்சிட்டு ரெண்டு நாள் கழிச்சு சர்ச்ல பெரிய பிள்ளைங்களுக்கு பைபிளோட முதல் புத்தகம் ஆதியாகமத்துல, கடவுள் ஆறு நாள்ல உலகத்தைப் படைச்சாருன்னு வர்ற முதல் அதிகாரம் எடுத்தேன், ரெண்டு கிளாஸ்லயும் உக்காந்திருந்தவன் ஒரே ஒருத்தன்தான். ஆராதனை முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிறேன், பக்கத்துல வந்து நிக்கிறான். "டீச்சர், வெள்ளிக்கிழமை சொன்னதை எழுதுனா மார்க் வரும், இன்னைக்கு சொன்னதுக்கு என்ன வரும்?" சிரிச்சு சமாளிச்சேன். விடல. "ரெண்டுல எது டீச்சர் நெசம்?" ரெண்டுந்தான்டா தம்பின்னு சொல்லிட்டு மேலூர் பஸ் வந்ததும் ஏறிட்டேன். அது எனக்கு ஏற வேண்டிய பஸ்ஸே இல்ல.

அந்த வெக்கத்துல வாங்குனதுதான் இந்த நாலு புத்தகமும். மூணு ஆன்லைன்ல, ஒண்ணு தமுக்கம் புத்தகத் திருவிழால பழைய புத்தக ஸ்டால்ல. எல்லாமே இங்கிலீஷ், அந்த வயித்தெரிச்சலுக்கு அப்புறம் வரேன். என்கிட்ட இருந்தது ஒரே அளவுகோல்தான், இதைப் படிச்சிட்டு அந்தப் பையன் மூஞ்சியப் பாத்து பேச முடியுமா முடியாதா.

முதல்ல படிச்சது பிரான்சிஸ் காலின்ஸ் எழுதுன 'தி லேங்குவேஜ் ஆஃப் காட்', 2006ல வந்தது. இவர் யாருன்னா மனுஷ ஜீனோம், அதாவது நம்ம மொத்த மரபணுக் குறிப்பு, அது முழுசையும் படிச்ச அந்த பெரிய ப்ராஜெக்டோட தலைவர், 2000 ஜூன்ல அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் பக்கத்துல நின்னு அறிவிச்சாங்கள்ல, அதுல ஒருத்தர். இளவயசுல நாத்திகர். டாக்டருக்கு படிக்கிறப்போ நெஞ்சுவலியில கெடந்த ஒரு வயசான அம்மா தன்னோட விசுவாசத்தைப் பத்தி எல்லாம் சொல்லிட்டு, சரி நீங்க எதை நம்புறீங்க டாக்டர்னு சாதாரணமா கேட்டுருக்கு, இவருக்கு பதில் வரல, முகம் செவந்து போயி அந்த ரூமை விட்டு வெளிய வந்துட்டேன்னு எழுதுறாரு. இந்த இடத்தைப் படிச்சப்போ புத்தகத்தை மூடி மடியில வச்சிக்கிட்டேன். பஸ் ஏறி தப்பிச்சது நான் மட்டும் இல்லன்னு தெரிஞ்சது.

இந்தப் புத்தகத்தோட உயிர் எங்க இருக்குன்னா, ஜீனோம் பத்தின அத்தியாயத்துல. நமக்கு குரோமோசோம் 23 ஜோடி, சிம்பன்சிக்கு 24. ஒரு ஜோடி எங்க போச்சு? எங்கயும் போகல, ரெண்டு ஒட்டி ஒண்ணாயிருச்சு, நம்மளோட ரெண்டாம் நம்பர் குரோமோசோம்தான் அது. எப்படி தெரியும்னா, குரோமோசோமோட ரெண்டு நுனியிலயும் மட்டும் இருக்க வேண்டிய ஒரு டிஎன்ஏ எழுத்து வரிசை இதுல நட்டநடுவுல இருக்கு. இதை நான் கிளாஸ்ல இப்ப எப்படி சொல்றேன்னா, ரெண்டு முழம் மல்லிகைப்பூவை சேர்த்துக் கட்டுனா நடுவுல நூல் நுனியும் முடிச்சும் தட்டுப்படும்ல, பூக்காரக்கா எவ்வளவு நெருக்கி கட்டுனாலும் வெரலுக்கு தெரியும்ல, அதேதான். பிள்ளைங்களுக்கு டக்குனு புரியுது. இதையெல்லாம் எழுதுற ஆளு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு போறவரு, கடவுள் பரிணாமத்தை வச்சே படைச்சாருன்னா உனக்கு என்ன கஷ்டம்னு நம்மளையே திருப்பிக் கேக்குறாரு. முப்பத்தெட்டு வயசு வரைக்கும் இப்படி ஒரு கேள்வியை எந்தப் பிரசங்கத்துலயும் நான் கேட்டதில்ல.

படிக்கும்போது நம்ம ஊர்க் கதையும் ஞாபகம் வந்துச்சு. உசிலம்பட்டி பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்துல ஒருத்தரோட டிஎன்ஏல எம்130னு ஒரு அடையாளத்தை காமராசர் யுனிவர்சிட்டி பேராசிரியர் பிச்சப்பன் குழுவோட ஆராய்ச்சியில கண்டுபிடிச்சாங்க, ஆப்பிரிக்காவுல இருந்து கடலோரமாவே நடந்து ஆஸ்திரேலியா வரைக்கும் போன ஆதி ஜனங்களோட தடம் அது. காலின்ஸ் எழுதுறது ஏதோ வாஷிங்டன் விஷயம்னு நெனைக்காதீங்க, செக்கானூரணி தாண்டி போற பஸ்ல பக்கத்து சீட்ல உக்காந்திருக்கிறவர் ரத்தத்துல இருக்குற விஷயம்.

கொறை இல்லையா, இருக்கு. புத்தகத்தோட துணைத்தலைப்புல விசுவாசத்துக்கான ஆதாரம்னு போட்டிருக்காரு, ஆனா அவர் மனசு மாறுன இடம் எதுன்னு பாத்தா மலையில நடந்து போறப்போ மூணு பிரிவா ஒறஞ்சு நிக்கிற ஒரு அருவியைப் பாத்தது, மறுநாள் காலையில பனிப்புல்லுல முழங்கால் போட்டுட்டாரு. எங்கப்பா இருந்தா இதை சாட்சின்னு சொல்லுவாரு, சபையில எழும்பி நின்னு சொன்னா நானும் அல்லேலூயா சொல்லுவேன், ஆதாரம்னு சொன்னா என் ஸ்டூடண்ட்டே ஒத்துக்க மாட்டான். நன்மை தீமை தெரியுற மனசாட்சி மனுஷனுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சுங்கிற வாதமும் பாதிதான் நிக்குது, எறும்பு தேனீ எல்லாம் கூட்டத்துக்காக உசுரை விடுறதுக்கு பயாலஜியில கணக்கு இருக்கு, அந்த எதிர்வாதத்தை இன்னும் பொறுமையா எடுத்திருக்கலாம். கடைசியில மருத்துவ நெறிமுறை பத்தி ஒரு பின்னிணைப்பு வரும், ஜீனை வெட்டி ஒட்டுற கிரிஸ்பர் முறை வந்ததே 2012ல, அதனால அது பழசாயிருச்சு, தாண்டிப் போயிரலாம்.

ஆனா நைஜீரியா போன கதையை மட்டும் தாண்டிறாதீங்க. அங்க ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் வேலை பாக்கப் போறாரு, இருதயத்தைச் சுத்தி டிபி நீர் கோத்துப்போன ஒரு இளவயசு விவசாயிக்கு ஊசியைப் போட்டு நீரை எடுத்து பொழைக்க வைக்கிறாரு, ஆனாலும் மனசு ஒடஞ்சு போயி இருக்காரு, இத்தனை வியாதிக்கு நடுவுல நான் வந்து என்னத்த கிழிச்சேன்னு. மறுநாள் அந்த விவசாயியே, நீங்க எனக்காகத்தான் இங்க வந்தீங்கங்கிற மாதிரி சொல்லிருவாரு. கீழவெளி வீதி மிஷன் ஆஸ்பத்திரியில பொறந்து வளர்ந்த குடும்பம் நாங்க, அந்தப் பக்கத்தை கண்ணு கலங்காம என்னால படிக்க முடியல.

அடுத்தது ஜான் லெனாக்ஸோட 'காட்ஸ் அண்டர்டேக்கர்'. ஆக்ஸ்போர்டுல கணக்குப் பேராசிரியரா இருந்தவர், மேடையில பேசுனா அசத்திருவாரு, எங்க யூத் பிள்ளைங்க எல்லாம் யூட்யூப்ல இவருக்கு ரசிகர். அத்தை சுட்ட கேக் உதாரணம் நல்லா இருக்கும், அதுல என்னென்ன சேர்ந்திருக்கு, எவ்வளவு சூட்டுல வெந்துச்சுன்னு உலகத்து விஞ்ஞானி எல்லாம் சேர்ந்து சொல்லலாம், எதுக்கு சுட்டாங்கன்னு அத்தை வாயைத் தொறந்தாதான் தெரியும். சரி. ஆனா உயிர் எப்படி உண்டாச்சுன்னு வர்ற பகுதியில, இவ்வளவு தகவல் செல்லுக்குள்ள தானா வந்திருக்க முடியாது, பெரிய பரிணாம மாற்றமும் சந்தேகந்தான்னு ஒரு இழுப்பு இருக்கு. விஞ்ஞானத்துல எங்க ஓட்டை இருக்கோ அங்க கடவுளைக் கொண்டுபோய் உக்கார வைக்கிற வேலை எனக்கு பயம், நாளைக்கு ஒரு லேப்ல அந்த ஓட்டையை அடைச்சிட்டா கடவுளை எங்க கொண்டுபோய் வைப்பீங்க? அவரு நான் அப்படி செய்யலன்னுதான் சொல்றாரு, படிச்சா எனக்கு அப்படித்தான் தோணுது. டிபேட்டுக்கு போறவங்களுக்கு நல்ல புத்தகம், பயாலஜி டீச்சருக்கு இல்ல.

'குவார்க்ஸ், கேயாஸ் அண்ட் கிறிஸ்டியானிட்டி', இதுதான் தமுக்கத்துல கிடைச்சது, சின்னப் புத்தகம், அட்டை கிழிஞ்சு யாரோ பென்சில்ல கோடு போட்டு வச்சது. எழுதுனவர் ஜான் போல்கிங்ஹார்ன், கேம்பிரிட்ஜ்ல பிசிக்ஸ் பேராசிரியரா இருந்தவர், 1979ல அந்த வேலையை விட்டுட்டு சாமியாருக்குப் படிக்கப் போயி ஆங்கிலிக்கன் குருவானவர் ஆனாரு, எங்க சிஎஸ்ஐ பாரம்பரியத்துக்கு சொந்தக்காரர்னு வச்சிக்கலாம். இவருகிட்ட எனக்குப் பிடிச்சது கத்தாத எழுத்து. கெட்டில்ல தண்ணி ஏன் கொதிக்குது? கீழ கேஸ் எரியுது, அதனால. எனக்கு டீ வேணும், அதனாலயும்தான். ரெண்டு பதிலும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்காது. எங்க வீட்ல சாயங்காலம் பாய்லர் முன்னாடி நிக்கிற எங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொன்னேன், மூணாவது காரணம் ஒண்ணு இருக்கு, நீ போடலங்கிறாரு. குவாண்டம் பத்தி வர்ற பக்கம் எல்லாம் எனக்கு முக்கால்வாசி புரியல, அதை மறைக்கல. நாலுல ரெண்டாவது தடவை படிச்சது இது மட்டுந்தான்.

நாலாவதுதான் என்னை குத்துனது. ரொனால்ட் நம்பர்ஸ் தொகுத்த 'கலிலியோ கோஸ் டு ஜெயில்', ஹார்வர்டு 2009ல போட்டது. விஞ்ஞானமும் மதமும் பத்தி ஊரு உலகம் நம்புற 25 கட்டுக்கதையை எடுத்து வச்சு ஆளுக்கொண்ணா வரலாற்றுக்காரங்க ஒடைக்கிறாங்க, எழுதுனவங்கள்ல நெறைய பேரு விசுவாசியே இல்ல. கலிலியோவை சித்திரவதை பண்ணி பாதாள ஜெயில்ல போட்டாங்கங்கிறது ஒரு கதை (1633ல விசாரணை, தண்டனை, வீட்டுக்காவல் எல்லாம் நெசம், சித்திரவதைக்கு ஆதாரம் இல்ல). நடுக்காலத்து சபை பூமி தட்டைன்னு சொல்லிக் கொடுத்துச்சுங்கிறது இன்னொண்ணு, படிச்சவங்க யாரும் அப்படி நம்பல. ஆஹா நம்ம சபையை இவ்வளவு நாளா சும்மா வைஞ்சிருக்காங்களேன்னு ஜாலியா படிச்சிட்டே போறேன், அப்பதான் டார்வின் வந்தாரு. சாகப்போற நேரத்துல டார்வின் பைபிளைக் கையில எடுத்து மனந்திரும்பிட்டாருன்னு ஒரு கதை உண்டு, கன்வென்ஷன் கூட்டத்துல கேட்டிருப்பீங்க. டார்வின் செத்தது 1882. லேடி ஹோப்னு ஒரு அம்மா சொன்னதா இந்தக் கதை அமெரிக்க பத்திரிகையில வந்தது 1915. டார்வினோட மகளே அதெல்லாம் நடக்கவே இல்லன்னு எழுதிட்டாங்க. இந்தக் கதையை நான் சண்டே ஸ்கூல்ல சொல்லியிருக்கேன். ஒரு தடவை இல்ல, வருஷா வருஷம், விபிஎஸ்ல, அதான் லீவு நாள் பைபிள் ஸ்கூல்ல, ஆக்ஷனோட. பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு பத்துக் கட்டளையை ஒப்பிக்க வச்ச அதே கிளாஸ்ல.

சபைக் கூட்டத்துல இலவசமா கொடுக்குற சின்ன புஸ்தகங்களைப் பத்தியும் சொல்லிடுறேன், பேரு வேணாம். உலகத்துக்கு ஆறாயிரம் வயசுன்னு அதுல இருக்கும், 1650ல அஷர்ங்கிற பிஷப்பு பைபிள்ல இருக்குற வம்ச அட்டவணையைக் கூட்டிக் கழிச்சு கிமு 4004னு போட்ட கணக்கு அது. எங்க வீட்டு மொட்டமாடியில நின்னா ஆனைமலை தெரியும், அந்தப் பாறைக்கு அம்பது கோடி வருஷத்துக்கு மேல ஆவுதுன்னு பாறை படிக்கிறவங்க சொல்றாங்க. காலையில துணி காயப் போடுறப்போ அதைத்தான் பாக்குறேன். சங்கீதம் 104ல பூமி ஒருபோதும் நிலைபேராதபடி ஆதாரங்கள்மேல ஸ்தாபிச்சாருன்னு இருக்கு, அதை வச்சு பூமி சுத்தாதுன்னு இன்னைக்கு எந்த போதகரும் பிரசங்கம் பண்றதில்ல. அதை மட்டும் கவிதைன்னு விட்டுட்டு ஆதியாகமத்து ஆறு நாளுக்கு மட்டும் ஏன் ஸ்டாப்வாட்ச் வச்சிருக்கோம்னு எனக்கு விளங்கல.

இப்ப அந்த வயித்தெரிச்சல். இந்த நாலுல ஒண்ணையும் நான் தேடுன வரைக்கும் தமிழ்ல கண்டுபிடிக்க முடியல. கேள்வி கேட்ட பையன் தமிழ் மீடியம். இதுல என்ன கொடுமைன்னா, இருநூறு வருஷத்துக்கு முன்னாடி தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியில சூரியனைச் சுத்தி கிரகம் சுத்துற கோப்பர்நிக்கஸ் கணக்கையே பாட்டுக்குள்ள கொண்டுவந்து ஆண்டவரைத் துதிச்சிருக்காரு. அப்ப கூச்சப்படாம பாடுனோம், இப்ப துண்டுப்பிரசுரம் அளவுக்கு வந்து நிக்கிறோம். அரசரடி இறையியல் கல்லூரி, அமெரிக்கன் காலேஜ் எல்லாம் இருக்குற ஊரு இது, யாராவது ஒரு நூறு பக்கத்துல எளிமையா எழுதுனா நானே அம்பது காப்பி வாங்குவேன்.

வாங்கணும்னா: முதல்ல காலின்ஸ், கையில காசு இருந்தா நம்பர்ஸ், போல்கிங்ஹார்ன் பழைய காப்பி கிடைச்சா விட்டுறாதீங்க, லெனாக்ஸை யூட்யூப்லயே கேட்டுக்கலாம்.

பையனுக்கு என்ன பண்ணேன்னா, காலின்ஸோட ஜீனோம் அத்தியாயத்துல முக்கியமானதை தமிழ்ல பதினோரு தாள் கைப்பட எழுதிக் கொடுத்தேன், டார்வின் கதைக்கு கிளாஸ் முன்னாடி மன்னிப்பும் கேட்டேன், சின்னப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் புரியல, ஒருத்தி மட்டும் அப்ப டார்வின் தாத்தா நரகத்துல இருக்காரான்னு கேட்டு அழுக ஆரம்பிச்சிட்டா. ரெண்டு வாரம் அந்தப் பையன் ஆளக் காணோம். மூணாவது வாரம் வந்தான், தாள்ல ஒரு வரிக்கு கீழ சிவப்புல கோடு. மனுஷ ஜாதி ஒரு பத்தாயிரம் பேர்கிட்ட இருந்து வந்ததுன்னு மரபணு கணக்கு சொல்லுதுன்னு காலின்ஸ் எழுதுன வரி. "அப்ப ஆதாம் ஏவாள் ரெண்டு பேருன்னு இருக்கே டீச்சர்? ரோமர் அஞ்சாம் அதிகாரத்துல ஒரே மனுஷனாலே பாவம் வந்துச்சுன்னு பவுல் சொல்றாரே, அதை என்ன பண்றது?"

ஆதாம் நெசமான ஒரு ஆளாவும் இருக்கலாம், நம்ம எல்லாரோட கதையை ஒரு ஆளா வச்சு சொன்னதாவும் இருக்கலாம், விசுவாசிகள்லயே ரெண்டு பக்கமும் இருக்காங்கன்னு சொன்னேன். நீங்க எந்தப் பக்கம்னான். எனக்கு இன்னும் தெரியலடான்னேன். மேலூர் பஸ் வந்துச்சு, ஏறல. அவன் தாளை மடிச்சு பைபிளுக்குள்ள வச்சிட்டு, அடுத்த அத்தியாயத்தையும் எழுதிக் குடுங்க டீச்சர், இந்த தடவை கையெழுத்து கொஞ்சம் புரியிற மாதிரின்னுட்டு சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டான்.