குளிர்சாதனப் பெட்டியும் அதனோடு வந்த ஒப்பந்தப் பத்திரமும்

கடந்த மாசி மாதம், யாழ்ப்பாண நகரிலுள்ள மின்சாதன விற்பனை நிலையம் ஒன்றில் அம்மாவின் பாவனைக்காகப் பன்னிரண்டு மாதத் தவணையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கினேன். பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சத்தம் குறைவு, உள்ளே இடம் தாராளம், மீனைத் துப்புரவாக்கி இரண்டு நாள் வைத்தாலும் மணம் மற்றத் தட்டுகளுக்குப் பரவுவதில்லை. கடையில் நின்ற பிள்ளைகள் மரியாதையாகப் பழகினார்கள். சொன்ன நாளிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். ஆனால் நான் கொடுக்கும் பணத்தில் அந்த நான்கு பக்க ஒப்பந்தத்தின் விலையும் உத்தரவாத அட்டையின் விலையும் அடங்கியிருக்கின்றன. ஒப்பந்தச் சட்டம் படிப்பிப்பவள் என்ற முறையில், கதவையும் தட்டுகளையும் போல அவற்றையும் பொருளின் உறுப்புகளாகவே எடுத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

ஒப்பந்தம் முழுவதும் ஆங்கிலத்தில், மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. தமிழில் இருந்தது ஒரேயொரு வரி: கையொப்பமிடும் கோட்டின் மேலே, "நிபந்தனைகளை வாசித்து விளங்கிக்கொண்டேன்" என்று. நான் கதிரையை இழுத்துப் போட்டு வாசிக்கத் தொடங்கியதும், விற்பனைப் பொறுப்பிலிருந்த தம்பி, "அக்கா, இதை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை, வழமையான நிபந்தனையள்தான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் இணையவழியாக மென்பொருள் விற்கும் 90 நிறுவனங்களின் தளங்களுக்கு வந்தோரைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஆய்வொன்று, உரிம ஒப்பந்தத்தைத் திறந்தாவது பார்த்தவர்கள் ஆயிரத்தில் ஒருவரோ இருவரோதான் என்று கண்டது. தாய்மொழியில் எழுதப்பட்ட ஒப்பந்தத்துக்கே அந்த நிலை என்றால், வேற்றுமொழிப் பத்திரத்தோடு எங்கள் கடைகளில் நிற்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த விடயத்தில் சட்ட அறிஞர்களின் விவாதம் பழையது. பிரெட்ரிக் கெஸ்லர் 1943இல் எழுதிய கட்டுரையில், ஒரு தரப்பு அச்சடித்து நீட்ட மறுதரப்பு ஏற்பதையோ விலகுவதையோ தவிர வேறெதுவும் செய்யமுடியாத ஒப்பந்தங்கள், பெரு நிறுவனங்களைத் தனியார் சட்டவாக்குநர்களாக ஆக்கிவிடுகின்றன என்று எச்சரித்தார். கார்ல் லுவெலின் 1960இல் வேறொரு வழி காட்டினார். அவருடைய கருத்தின்படி வாங்குபவர் உண்மையில் சம்மதிப்பது பேசி முடித்த விலைக்கும் பொருளுக்குமே. அச்சிட்ட ஏனைய நிபந்தனைகளுக்கு அவர் கொடுப்பது, நியாயத்துக்குப் புறம்பானவை அவற்றில் இல்லை என்ற நம்பிக்கையின் பேரிலான பொதுச் சம்மதம். எனக்கு லுவெலினின் பார்வையே பிடிக்கும். கடையில் அந்தத் தம்பி "வழமையான நிபந்தனையள்தான்" என்றபோது எனக்குத் தந்ததும் அந்த நம்பிக்கையைத்தான். பத்திரம் அதைக் காப்பாற்றியதா என்று பார்ப்பதே நேர்மையான அளவுகோல்.

மூன்று நிபந்தனைகள் காப்பாற்றவில்லை. பிணக்கு எதுவாயினும் கொழும்பு நீதிமன்றத்திலேயே தீர்க்கப்படவேண்டும் என்றது ஒன்று. ஒரு குளிர்சாதனப் பெட்டியின் பழுதுக்காக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம் செய்து வழக்காட யாரும் போகமாட்டார்கள் என்பதால், நடைமுறையில் இது வழக்கே வேண்டாம் என்பதற்குச் சமன். விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்றது இன்னொன்று. மூன்றாவது உத்தரவாத அட்டையில் இருந்தது: மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, இடி மின்னல், பூச்சி, எலி ஆகியவற்றால் ஏற்படும் பழுதுகளுக்கு உத்தரவாதம் செல்லாது. மின்சாரம் அடிக்கடி ஏறி இறங்கும் எங்கள் பகுதியில் அப்படி ஒரு விலக்கை எழுதுவது, பெட்டி எந்த வழியால் பழுதாக வாய்ப்பு அதிகமோ அந்த வழியை மட்டும் அடைத்துவிட்டு மற்றவற்றுக்குப் பொறுப்பேற்பதாகும்.

அந்த வழியாலேயே பழுது வந்தது. ஐந்தாவது கிழமையில் உறைநிலைப் பகுதி குளிர்வதை நிறுத்தியது. ஒன்பது நாள் கழித்து வந்த திருத்துநர், கொம்பிரசரைத் தொடக்கும் பாகம் எரிந்துவிட்டது, "கறண்ட் ஏறி இறங்கினதால வந்த பழுது, உத்தரவாதத்தில வராது" என்று சொன்னார். அதை எழுத்தில் தரும்படி கேட்டேன்; தரவில்லை. எனவே நானே கடைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன்.

அந்தக் கடிதத்தில் எழுதியவற்றை இங்கே விரித்துச் சொல்வது மற்றவர்களுக்கு உதவும். என் பத்திரத்தின்படி பெட்டியின் உரித்து, அதாவது சொந்தமாக வைத்திருக்கும் உரிமை, வாங்கிய அன்றே எனக்கு மாறிவிட்டது, விலையை மட்டுமே தவணையில் கட்டுகிறேன். ஆகவே இது விற்பனை, 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இதற்குப் பொருந்தும். வியாபாரி விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை, பத்திரத்தில் எழுதியிராவிட்டாலும் அந்தச் சட்டம் ஒப்பந்தத்துக்குள் சேர்த்து வாசிக்கிறது. கடைசித் தவணை வரை உரித்து கடையிடமே இருக்குமானால் அது வாடகைக் கொள்வனவாகி, 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க பாவனையாளர் கடன் சட்டத்தின் கீழ் வரும். பெயர் தவணை என்று ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் சட்டம் வேறு என்பதால், கையொப்பமிடுமுன் உரித்து பற்றிய வரியைத் தேடிப் பார்ப்பது நல்லது.

அச்சிட்ட நிபந்தனையைக் காட்டி இந்தப் பொறுப்பிலிருந்து கடை விலகமுடியுமா என்பது அடுத்த கேள்வி. ஆங்கிலச் சட்டத்தின் பழைய விடை கடுமையானது. 1934இல் முடிவான வழக்கொன்றில், வேல்ஸில் சிற்றுண்டிச்சாலை நடத்திய லெஸ்ட்ரேஞ்ச் என்ற பெண்மணி சிகரெட் விற்கும் இயந்திரமொன்றைத் தவணையில் வாங்கியிருந்தார். இயந்திரம் சில நாட்களிலேயே நின்றுபோயிற்று. கபில நிறத் தாளில் சின்ன எழுத்தில் இருந்த விலக்கு நிபந்தனையை அவர் வாசிக்கவில்லை. ஆனாலும் மோசடி இல்லாதவிடத்துக் கையொப்பமே கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் தீர்த்தது. அந்த அம்மையாரின் இடத்தில் எங்கள் ஊரில் எத்தனையோ பேர் இன்றும் இருக்கிறார்கள். இங்கிலாந்து 1977இல் சட்டமியற்றி இதைத் தளர்த்தியது. அதைப் பின்பற்றி இலங்கையில் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் வந்தது. பொறுப்பை விலக்கும் அச்சிட்ட நியதி ஒன்று நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்பதற்கு அது இடம் தருகிறது. இவ்வளவு பயனுள்ள சட்டத்தைப் பற்றிப் பாவனையாளர்கள் மட்டுமல்ல, கடைக்காரர்களும் கேள்விப்படாதிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கடிதம் கிடைத்த நான்காம் நாள் முகாமையாளர் தானே தொலைபேசியில் அழைத்தார். பாகம் இலவசமாக மாற்றப்பட்டது, அதன்பின் பெட்டி நன்றாக இயங்குகிறது. அதற்காக அவருக்கு நன்றி. ஆயினும் சட்டம் தெரிந்தவருடைய கடிதத்துக்குக் கிடைத்த பதில், சட்டம் தெரியாத ஒருவரின் வாய்முறைப்பாட்டுக்கும் கிடைக்கவேண்டும்.

கடை மசியாவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். உத்தரவாதத்துக்கு அமையாத பொருளைப் பற்றி எழுத்தில் முறையிட்டால், விசாரித்து, மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ நட்டஈடு செலுத்தவோ அதனால் கட்டளையிடமுடியும். ஆனால் முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் செய்யவேண்டும். ஒரு வருட உத்தரவாதம் உள்ள பொருள் ஐந்தாம் மாதத்தில் பழுதானால் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. காலத்தைப் பழுது தெரிந்த நாளிலிருந்து எண்ணும்படி சட்டத்தைத் திருத்தவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்று: கடை தந்த பற்றுச்சீட்டு வெப்பத்தால் அச்சாகும் தாள். இரண்டு மாதத்தில் எழுத்து மங்கத் தொடங்கிவிட்டது. வாங்கிய அன்றே அதைப் படியெடுத்து வைத்திருந்ததால் தப்பினேன்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான பழைய தேசவழமையில், காணி விற்க நினைப்பவர் தம் எண்ணத்தை வாரிசுகளுக்கும் பங்காளருக்கும் அயலாருக்கும் முன்கூட்டி அறிவிக்கவேண்டியிருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அது தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவிக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டின் நோக்கம் வேறு. ஆயினும் பாதிக்கப்படக்கூடியவருக்கு அவர் அறியும் விதத்தில் முன்னரே சொல்லவேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஐந்துக்குப் பெட்டிக்கு நான்கு, விநியோகத்துக்கு ஐந்து, ஒப்பந்தத்துக்கும் உத்தரவாத அட்டைக்கும் ஒன்று. முக்கிய நிபந்தனைகளை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் தரும்படி முகாமையாளரிடம் கேட்டிருக்கிறேன்; தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். அந்தப் பக்கம் கடையின் மேசைக்கு வந்ததும் கடைசி மதிப்பெண்ணை மாற்றி எழுதுவேன்.