சிமெண்டின் கார்பனைக் குறைக்க: எரிபொருளை மாற்றுவதா, கிளிங்கரைக் குறைப்பதா, கார்பனைப் பிடிப்பதா?

உலகில் மனிதர்களால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. அரியலூர் மாதிரியான சுண்ணாம்புக்கல் பூமி நமக்கே இருக்கிறது என்பதால், இந்தக் கேள்வி நமக்கு ரொம்பவே பக்கத்தில் இருப்பது.

எந்த வழி மேல் என்று சொல்வதற்கு முன் கார்பன் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து 1,450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கிளிங்கர் கிடைக்கும். அதை ஜிப்சத்தோடு அரைத்தால் சிமெண்ட். இப்படி ஒரு டன் கிளிங்கர் செய்யும்போது கல் சிதைவதாலேயே சுமார் 520 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சூளைக்கு நிலக்கரியும் பெட்கோக்கும் (கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) எரிப்பதால் இன்னொரு 300 கிலோ அளவுக்கு வரும். மின்சாரத்தின் பங்கு மொத்தத்தில் பத்தில் ஒன்று.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால் சோலார் பேனல், சூளையின் கழிவு வெப்பத்தில் மின்சாரம் எடுப்பது ஆகியவற்றின் எல்லை உடனே தெரிந்துவிடும். கழிவு வெப்பம் ஆலையின் மின்தேவையில் 20 முதல் 30 சதவீதம் தரும். நல்லதுதான், போட்ட பணமும் திரும்பிவிடும். ஆனால் மொத்த வெளியேற்றத்தில் அது குறைப்பது 3 சதவீதம் வரைதான். ஆலைகளின் விளம்பரங்களில் இவைதான் முதலில் வருகின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது எரிபொருள். நகரக் குப்பையில் மறுசுழற்சிக்கு உதவாத பிளாஸ்டிக், துணி, காகிதத்தைப் பிரித்துக் காயவைத்துச் சூளையில் எரிக்கலாம். ஜெர்மனியில் சூளை வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்படித்தான் வருகிறது. நம் நாட்டில் இன்னும் ஒற்றை இலக்க சதவீதம்தான். காரணம் சூளை இல்லை, குப்பை. வீட்டிலேயே பிரிக்காத குப்பையில் ஈரம் அதிகம், வெப்பம் குறைவு. குளோரின் அதிகமானால் சூளையில் அடைப்பு வரும். பிளாஸ்டிக்கை எரித்தாலும் அது புதைபடிவக் கார்பன்தான் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாம் சரியாக நடந்தாலும் கல்லிலிருந்து வரும் 520 கிலோ அப்படியே இருக்கும்.

அதனால்தான் என் ஓட்டு கிளிங்கரைக் குறைப்பதற்கு. ஒரு மூட்டையில் கிளிங்கர் பாதியானால் கல்லின் கார்பனும் பாதி, எரிபொருளின் கார்பனும் பாதி. இது நமக்குப் புதிதும் இல்லை. கடையில் வாங்கும் பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா) எனும் கலப்பு சிமெண்டில் 35 சதவீதம் வரை அனல் மின்நிலையச் சாம்பல் சேர்க்கலாம். கசடு சிமெண்டில் 70 சதவீதம் வரை இரும்பு உலைக் கசடு. ஆனால் நீண்டகாலத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. நிலக்கரி மின்நிலையங்கள் மூடப்பட மூடப்படச் சாம்பல் வரத்து குறையும். எஃகு ஆலைகள் ஹைட்ரஜனுக்கு மாறினால் கசடும் குறையும். இன்னொரு தொழிலின் மாசை நம்பி நம் மாசைக் குறைப்பது எத்தனை வருஷத்துக்கு ஓடும்?

இங்கேதான் எல்சி3, அதாவது சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்த சிமெண்ட், வருகிறது. கிளிங்கர் 50 சதவீதம், சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு டெல்லி, சென்னை ஐஐடிகளும் சேர்ந்து உழைத்த கலவை இது. களிமண்ணை 700 முதல் 850 டிகிரிக்குச் சுட்டால் போதும். அதிலிருந்து ஆவியாவது தண்ணீர்தான். மண்ணில் கேயோலின் (பீங்கான் செய்ய உதவும் களிமண் கனிமம்) 40 சதவீதம் இருந்தாலே ஆகும் என்பதால், பீங்கானுக்குத் தேறாமல் ஒதுக்கும் மண்ணும் உதவும். கிளிங்கருக்கு ஆகாத மட்டமான சுண்ணாம்புக்கல்லும் இதில் சேரும். கார்பன் 30 முதல் 40 சதவீதம் வரை குறைகிறது. உப்பு உள்ளே இறங்குவதை நன்றாகத் தடுப்பதால் கடற்கரைக் கட்டடங்களுக்கு இது தனி லாபம். குறையும் இருக்கிறது: குழைக்கத் தண்ணீர் அதிகம் கேட்கும், அதைச் சமாளிக்க வேதிச்சேர்க்கை வேண்டும், இரும்புச்சத்துள்ள மண் என்றால் நிறம் சிவக்கும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டுக்குள் கொஞ்சம் வேகமாக இறங்கும் (அது உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்க வழிவிடும்). இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் இதற்குத் தனித் தரம் (ஐஎஸ் 18189) வெளியிட்டுவிட்டது. விதி தடுக்கிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கடைசி வழி, புகைபோக்கியிலேயே கார்பனைப் பிடிப்பது. நார்வேயின் பிரெவிக் ஆலையில் 2025இல் இது முழு அளவில் தொடங்கியது. ஆண்டுக்கு 4 லட்சம் டன்னைப் பிடித்துத் திரவமாக்கி, கப்பலில் கொண்டுபோய், வட கடலுக்கு அடியில் சுமார் 2,600 மீட்டர் ஆழத்தில் புதைக்கிறார்கள். அதுவும் ஆலை வெளியிடுவதில் பாதிதான். கார்பனைப் பிடிக்கவே வெப்பம் வேண்டும், ஆலையின் கழிவு வெப்பம் அவ்வளவுக்குத்தான் போதும். செலவின் பெரும்பங்கை நார்வே அரசு ஏற்றது. மீதமிருக்கும் கிளிங்கரின் கார்பனுக்கு வேறு வழி தெரியாததால் இதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் புதைக்கும் இடமும் குழாயும் இல்லாத ஊரில் இதற்காகக் காத்திருந்து, இன்றைக்கே செய்ய முடிந்த களிமண் கலவையைத் தள்ளிப்போடுவது தப்பு.

அப்புறம், வாங்குகிறவர் பக்கம். 53 கிரேடு ஓபிசிதான் (பெரும்பாலும் கிளிங்கராலான சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்) 'ஸ்ட்ராங்' என்று மேஸ்திரி சொன்னால் வீட்டுக்காரர் அதையே இறக்குகிறார். கலப்பு சிமெண்டின் பலம் முதலில் மெதுவாக ஏறி, பிறகு ஈடுகட்டும். அதற்குத் தண்ணீர் விட்டு க்யூரிங் செய்யும் நாள் கூட வேண்டும்: ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள் என்றால் கலப்பு சிமெண்டுக்கு 10 நாள் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456. செண்ட்ரிங் பலகையைச் சீக்கிரம் பிரித்து அடுத்த வேலைக்கு ஓடும் ஒப்பந்ததாரருக்கு இது பிடிக்காது. பாலம், பள்ளி, குடியிருப்பு என்று பெரிய அளவில் வாங்கும் அரசுத் துறைகள் டெண்டரிலேயே கிளிங்கர் அளவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, கூடுதல் க்யூரிங் நாட்களுக்கும் காசு ஒதுக்கினால் ஆலைகள் தாமாகவே களிமண் சூளை கட்டும்.