முதல் ஹாக்கி ஸ்டிக்: மரமா, காம்போசிட்டா?

என் மகள் ஏழாம் வகுப்பு சேர்ந்த வருடம் ஹாக்கி ஆடப் போகிறேன் என்று வந்து நின்றாள். கோவில்பட்டியில் இது புதிதில்லை. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கிற நாட்களில் ஊரில் பேச்செல்லாம் ஹாக்கிதான். எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணியில் இருந்தவர். சரி, ஆடட்டும் என்று கடைக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு பக்கம் மர ஸ்டிக், 700 ரூபாய். இன்னொரு பக்கம் இழையும் பிசினும் சேர்த்துச் செய்த காம்போசிட், பளபளவென்று, 2,400 ரூபாய். மகளின் கண் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் மரத்தை வாங்கினேன். அதே வாரம் அவளோடு அணியில் சேர்ந்த தோழிக்கு அவள் வீட்டில் காம்போசிட் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஒரே மைதானம், ஒரே பயிற்சி, ஒரே நேரம். இரண்டு ஸ்டிக்கும் என்ன ஆயின என்று பக்கத்தில் இருந்து பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். மண் மைதானத்தில் ஆரம்பிக்கிற பிள்ளைக்கு முதல் ஸ்டிக் மரமாக இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

ஆட்டமே புதிது என்பவர்களுக்கு முதலில் கொஞ்சம். அணிக்கு 11 பேர், 15 நிமிடமாக நான்கு கால்பகுதிகள். கோலுக்கு முன்னால் 14.63 மீட்டரில் ஒரு வளைவுக் கோடு இருக்கும். அதற்குள்ளே வைத்து நம் ஆள் பந்தைத் தொட்டிருந்தால்தான் கோல் செல்லும். கோல்கீப்பரைத் தவிர யாரும் காலால் பந்தைத் தொடக் கூடாது. பந்து 156 முதல் 163 கிராம், ஏறக்குறைய கிரிக்கெட் பந்தின் கனம்.

ஸ்டிக்கைப் பொறுத்தவரை புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. அதற்கு ஒரு பக்கம்தான் தட்டை, மறுபக்கம் உருண்டை. உருண்டைப் பக்கத்தால் பந்தைத் தொட்டால் விசில். அதனால் பந்து இடது பக்கம் வரும்போது ஸ்டிக்கையே தலைகீழாகத் திருப்பி, முனை கீழே பார்க்கும்படி பிடித்து ஆட வேண்டும். இதற்குத்தான் ரிவர்ஸ் என்று பெயர். திருப்புகிற வேலை முழுக்க மேலே பிடித்திருக்கும் இடது கைக்கு. கீழே இருக்கும் வலது கை தளர்வாக, குழாய்போல இருந்தால் போதும். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்குத் தனி ஸ்டிக் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான், தேடி அலைய வேண்டாம்.

முதல் ஆறு மாதம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். பந்தை நிறுத்துவார்கள், தள்ளுவார்கள், உருட்டிக்கொண்டு ஓடுவார்கள். ஓங்கி அடிப்பதைக் கோச் அநேகமாக அனுமதிக்கவே மாட்டார். காம்போசிட்டின் பெரிய பலம் அடியின் வேகம். கண்ணாடி இழையையும் கார்பன் இழையையும் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்வது அது. கார்பன் கூடக்கூட ஸ்டிக் விறைப்பாகும், அடி பறக்கும். அதே விறைப்பினால், வருகிற பந்து ஸ்டிக்கில் பட்டு எகிறியும் போகும். மர ஸ்டிக் பெரும்பாலும் மல்பெரியில், நம் தமிழில் முசுக்கட்டையில், செய்வது. ஜலந்தரில் இருந்தும் மீரட்டில் இருந்தும் வரும். அது பந்தின் அதிர்ச்சியைக் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும். என் மகள் பந்தை நிறுத்தப் பழகியது சீக்கிரம். தோழிக்குக் கொஞ்சம் நாள் பிடித்தது. அதற்கு ஸ்டிக் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும்.

இதெல்லாம் இருக்கட்டும். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பராமரிப்பு. கடையில் இதை யாரும் சொல்லவில்லை.

எங்கள் பிள்ளைகள் ஆடுவது மண் தரையில். மேலே சரள் கற்கள், ஓரங்களில் கரிசல். ஹாக்கியில் ஸ்டிக்கின் தலை எந்நேரமும் தரையை உரசிக்கொண்டே இருக்கும். தாழக் குனிந்து ஸ்டிக்கைப் படுக்க வைத்துப் பந்தைத் தடுக்கும்போது அதன் விளிம்பு முழுவதும் கல்லில் இழுபடும். உப்புத்தாளால் தினமும் ஒரு மணி நேரம் தேய்ப்பதற்குச் சமம். இந்தத் தேய்மானம் இரண்டு ஸ்டிக்குக்கும் உண்டு. தேய்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் வித்தியாசம்.

மூன்றாவது மாதம் தோழியின் காம்போசிட்டில் முனைப் பக்கத்துப் பெயின்ட் போய், வெள்ளையாகப் பஞ்சு பிரிந்ததுபோல இழை தெரிய ஆரம்பித்தது. அது பஞ்சில்லை, கண்ணாடி இழை. தெரியாமல் விரலை ஓட்டினால் சிலாம்பு ஏறி ஒரு நாள் முழுக்க நமநமவென்று இருக்கும். டேப் சுற்றினார்கள், நான்கு நாளில் டேப் தேய்ந்து கிழிந்தது. எட்டாவது மாதம் கைப்பிடிக்குக் கீழே, தண்டில், தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். வெளியே பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கோச் அதை வாங்கிச் சிமென்ட் படியில் மெதுவாகத் தட்டினார். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே மாதிரி. கணீரென்று வர வேண்டிய சத்தம் சொத்தென்று வந்தது. “அண்ணாச்சி, உள்ள விட்டுப்போச்சு. இனி இதை வச்சு அடிக்க விடாதீங்க, பாதியில ஒடிஞ்சா பக்கத்துல நிக்கிற பிள்ளைக்கு ஆபத்து” என்று அந்தப் பெண்ணின் அப்பாவிடம் சொன்னார். காம்போசிட்டின் தண்டு பெரும்பாலும் உள்ளே கூடு. கீறல் விழுந்தால் மேலே பசை பூசலாம், பழைய உறுதி வராது. எங்கள் ஊரில் அதைச் சரிசெய்து தருகிற ஆளும் எனக்குக் கிடைக்கவில்லை.

என் மகளின் மர ஸ்டிக்கும் அதே மூன்றாவது மாதத்தில் விளிம்பில் பிசிர் விட்டது. ஞாயிற்றுக்கிழமை வாசல் திண்ணையில் உட்கார்ந்து, முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், அப்புறம் நைசானது என்று தேய்த்தோம். பிளந்து நின்ற சிம்பை ஃபெவிகால் வைத்து ஒட்டி, நூல் சுற்றி இறுக்கி ஒரு இரவு விட்டோம். காலையில் நூலைப் பிரித்து, மறுபடி ஒரு தேய்ப்பு, தலையைச் சுற்றி ஒரே ஒரு சுற்று டேப். மொத்தச் செலவு 60 ரூபாய். ஸ்டிக்கில் கூரான, சொரசொரப்பான இடம் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. டேப்போடு சேர்த்து ஸ்டிக் 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழைய வேண்டும் என்பதும் விதி. அதனால் டேப்பைத் தடிமனாகச் சுற்றிவிடாதீர்கள். இந்த வேலையை இரண்டு வருடத்தில் ஏழெட்டுத் தடவை செய்திருப்போம். இப்போது மகள் தானே செய்கிறாள்.

மரத்துக்கு எதிரி தண்ணீர். ஐப்பசி மழையில் கரிசல் சேறு தலையில் அப்பிக்கொண்டால் அதை அப்படியே பையில் போட்டு வைக்கக் கூடாது. டேப்புக்கு அடியில் ஈரம் நின்று மரம் ஊறிவிடும், ஊறிய மரம் அடுக்கடுக்காகப் பிரியும். வந்தவுடன் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் தலை மேலாக நிறுத்தி வைக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் போட்டாலும் வெடிக்கும். முதல் மழைக்காலத்தில் ஒரு தடவை இரண்டு நாள் பையிலேயே கிடந்தது. அந்தத் தடவை விட்ட விரிசல்தான் இன்றைக்கும் அந்த ஸ்டிக்கில் இருக்கிற ஒரே பெரிய குறை. இந்த அளவுக்குக் கவனிக்க வீட்டில் ஆள் இல்லையென்றால் மரம் உங்களுக்குச் சரிவராது. காம்போசிட்டுக்கு மழையைப் பற்றிக் கவலையில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

காம்போசிட் எங்கே ஜெயிக்கும் என்றால், டர்ஃபில், அதாவது செயற்கை இழைத் தரையில். கோவில்பட்டியிலேயே அப்படி ஒரு மைதானம் இருக்கிறது, சென்னை எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் இருக்கிறது. தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், குதிக்காது. கல் இல்லாததால் விளிம்பும் அவ்வளவு தேயாது. ஈரம் எப்போதும் இருப்பதால் மரத்துக்கு அங்கே வேலையில்லை. தரை மாறினால் ஆட்டமே மாறும் என்பதை நம் நாடு வலிக்க வலிக்கப் பார்த்திருக்கிறது. 1975-இல் கோலாலம்பூரில் புல் தரையில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, மறுவருடமே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடியபோது, ஏழாம் இடத்துக்குப் போனது. 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பிய அணி அது. பெரிய ஆட்டங்களில் இப்போது எல்லோர் கையிலும் இருப்பது காம்போசிட்தான், சந்தேகமில்லை.

என் மகள் டர்ஃபில் ஆடியது இதுவரை ஐந்தாறு தடவை. ஆகவே எந்த காம்போசிட் எத்தனை வருடம் உழைக்கும் என்பதில் என் பேச்சை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பயிற்சி கொடுப்பவர்கள் சொன்னதைச் சொல்கிறேன்: ஆரம்பத்தில் கார்பன் 10, 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், தண்டின் வளைவும் அதிகம் வேண்டாம். வளைவு 25 மில்லிமீட்டர் வரை விதியில் இடம் உண்டு. அந்த அதிக வளைவு, எதிரணி தப்பு செய்தால் கிடைக்கும் பெனால்டி கார்னரில் பந்தைச் சுழற்றி எறிகிறவர்களுக்கு உதவும். புதிதாக ஆடும் பிள்ளைக்கு அதில் பந்து நேராகப் போகாது. வாரத்தில் பாதி நாளாவது டர்ஃப் கிடைக்கிற பிள்ளைக்கு நான் சொன்னதெல்லாம் பொருந்தாது, நேராகக் கார்பன் குறைந்த காம்போசிட்டுக்கே போய்விடலாம்.

எதை வாங்கினாலும் அளவைச் சரியாகப் பாருங்கள். பிள்ளையைக் காலணியோடு நிற்க வைத்து, ஸ்டிக்கைப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தினால் இடுப்பெலும்பு வரை வர வேண்டும். வளர்கிற பிள்ளைதானே என்று யூனிஃபார்ம் எடுப்பதுபோல ஒரு அளவு பெரிதாக எடுத்துவிடாதீர்கள். நீளம் கூடினால் பிள்ளை குனியாது, முழங்கை வயிற்றில் முட்டும், ரிவர்ஸ் திருப்பவே வராது. நாங்கள் எடுத்தது 34 அங்குலம், இரண்டு வருடத்தில் அது குட்டையாகிவிட்டது. இங்கேயும் மரம்தான் கைகொடுக்கிறது, மாற்ற வேண்டிய நேரத்தில் 700 ரூபாய்க்கு மனசு வலிக்காது. மிச்சமான பணத்தில் முழங்காலுக்குக் கீழே கட்டுகிற ஷின் பேடும் பல்லைக் காக்கிற மவுத் கார்டும் வாங்கினேன். முதல் நாளே அவை இல்லாமல் பிள்ளையை உள்ளே விடாதீர்கள்.

இப்போது ஒன்பதாம் வகுப்பு. அடுத்த மாதத்தில் இருந்து வாரம் மூன்று நாள் டர்ஃபில் பயிற்சி என்று சொல்லியிருக்கிறார்கள். 36 அங்குலத்தில் கார்பன் குறைந்த காம்போசிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம், கடையில் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம். பழைய மர ஸ்டிக்கை எதிர்வீட்டுப் பையன் கேட்டிருக்கிறான், ஆறாம் வகுப்பு படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவனை வாசல் திண்ணையில் உட்கார வைத்து, பழைய டேப்பைப் பிரித்து, உப்புத்தாளை எந்தப் பக்கமாக ஓட்ட வேண்டும் என்று மகள் காட்டிக்கொண்டிருந்தாள்.