மெக்கானிக்கின் நேரத்தைக் கணக்கிட்ட மூன்று ஆண்டுகள்

போடிநாயக்கனூரில் சிறிய பெட்ரோல் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறேன். மலைமேல் உள்ள ஏலக்காய்த் தோட்டங்களின் விசைத்தெளிப்பான்களும் களைவெட்டிகளும்தான் பெரும்பாலும் வருகின்றன. இரண்டு மெக்கானிக்குகளும் தொழில் பழகும் பையன் ஒருவனும் இருக்கிறார்கள். நாள் முழுவதும் எல்லோரும் வேலையாகவே இருந்தும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காததால், 2022 ஜூனில் ஒவ்வொரு வேலைக்கும் ஜாப் கார்டு போட்டு நேரம் எழுதத் தொடங்கினேன்.

முதலில் கைபேசிச் செயலி ஒன்றைப் பயன்படுத்தினோம். ஆயில் கையோடு திரையைத் தொட யாருக்கும் மனம் வராததால் அது இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. சுவர்க் கடிகாரமும், கயிற்றில் கட்டிய பென்சிலும், எஞ்சினோடு சேர்த்துக் கட்டும் அட்டையும் இன்றுவரை நீடிக்கின்றன.

கணக்கு எளிது. ஒரு மெக்கானிக் மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என 208 மணி நேரம் பட்டறையில் இருக்கிறார். முதல் மாதம் மூத்த மெக்கானிக் அதில் 150 மணி நேரம் ஸ்பானர் பிடித்திருந்தார். பில்லில் கூலியாக ஏறியது 92 மணி நேரம்தான். அதாவது வந்த நேரத்தில் 72 சதவீதம் வேலையில் கழிந்தது, வேலை செய்ததில் 61 சதவீதம் விற்பனையானது. இரண்டையும் பெருக்கினால் 44 சதவீதம். 18,000 ரூபாய் சம்பளத்தை 208-ஆல் வகுத்து மணிக்கு 87 ரூபாய் என்று நான் நினைத்திருந்த கூலிச் செலவு, 92-ஆல் வகுத்தபோது 196 ரூபாயாக நின்றது. நான் வாங்கிக்கொண்டிருந்ததோ மணிக்கு 250 ரூபாய். மிச்சமிருந்த 54 ரூபாயில்தான் வாடகை, மின்சாரம், என் சாப்பாடு எல்லாம்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் விற்கலாம் என்பதை எங்கள் கார்டுகளிலிருந்தே எடுத்தேன். கார்புரேட்டர் சுத்தம் செய்த 20 கார்டுகளை நேர வரிசையில் அடுக்கி, நடுவில் விழுந்த 45 நிமிடத்தை அளவாக வைத்தேன். சராசரி எடுத்தால், துருப்பிடித்த ஒரே ஒரு திருகு முழுக் கணக்கையும் இழுத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுப்பதால், தென்மேற்குப் பருவமழைக்குப் பின் வரும் எஞ்சின்களில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களுக்குத் தனி அளவு வைத்திருக்கிறேன்.

விற்காமல் போன நேரம் எங்கே போனது என்பதை ஒரு தெளிப்பான் காட்டிக்கொடுத்தது. பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். பிளக் மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்து, காயிலைச் சோதித்து, கடைசியில் பெட்ரோல் டேங்க் மூடியைச் சற்றே தளர்த்தியபோது எஞ்சின் நிற்காமல் ஓடியது. மூடியின் காற்றுத்துளை மண்ணால் அடைத்திருந்தது. கார்டில் 2 மணி 10 நிமிடம். "மூடியத் துடைச்சதுக்கா அண்ணே இவ்வளவு?" என்று தோட்டக்காரர் கேட்டதும் நான் 100 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். மெக்கானிக் மெதுவாகச் செய்ததாக அன்று நினைத்தேன். உண்மையில் பழுதைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நான் விலையே வைக்கவில்லை. இப்போது அரை மணி நேரச் சோதனைக் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லி வாங்குகிறோம். மூடியைத் தளர்த்திப் பார்ப்பதே முதல் சோதனை.

எட்டாவது மாதம் ஒரு தவறு செய்தேன். விற்ற நேரத்துக்கு ஏற்ப ஆளுக்கு ஊக்கத்தொகை அறிவித்ததும், சீக்கிரம் முடியும் வேலைகளை மூத்தவர் எடுத்துக்கொண்டு, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைப் பிரிக்கும் வேலைகளை இளையவரிடம் தள்ளினார். ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் உள்வால்வு இடைவெளி 0.15 மி.மீ., வெளிவால்வுக்கு 0.20 மி.மீ.; கேஜ் வைத்து அளக்க நேரமாகும் என்று கைப்பழக்கத்தில் வைத்து மூடிய இரண்டு எஞ்சின்கள் அதே மாதம் திரும்பி வந்தன. தொகையை நிறுத்திவிட்டு, முப்பது நாளுக்குள் திரும்பும் வேலைக்கான நேரத்தை விற்ற நேரத்திலிருந்து கழிக்க ஆரம்பித்தேன். இப்போது ஊக்கத்தொகை பட்டறைக்கு மொத்தமாகக் கணக்கிட்டுப் பகிரப்படுகிறது.

இன்று மூத்தவரின் விற்ற நேரம் மாதம் 128 மணி, அதாவது 61 சதவீதத்துக்குச் சற்று மேல். அவருடைய வேகம் கூடியதாகக் கார்டுகளில் தெரியவில்லை. சோதனைக் கட்டணம் வந்தது, டயாபிரம், ஸ்டார்ட்டர் கயிறு, பெட்ரோல் ஹோஸ் ஆகியவற்றைக் கையிருப்பில் வைத்தேன், அவ்வளவுதான். ஏலக்காய் ஏலத்துக்கு இறங்கி வருகிறவர்கள் கூட்டமாக மெஷினைக் கொண்டுவரும் நாளில் மட்டும் எண்கள் இன்னும் சரிகின்றன. பையனின் நேரத்தை எப்படிச் சேர்ப்பது என்பதும் தீரவில்லை. அவனுக்குச் சொல்லித்தரும் நேரம் மூத்தவரின் கணக்கைக் குறைக்கிறது.

சென்ற மாதம் எனக்கும் ஒரு கார்டு போட்டேன். ஒரே வாரத்தில், வந்தவருக்கு எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லி நான் மூத்தவரை வேலையிலிருந்து எழுப்பியது 23 முறை.